ஆறாவது சீனப் படம்

அத்தியாயம் 14

உண்ணாமலை பெட்டிச் சாவியைக் கொடுத்துவிட்டாள்.

போன வாரம் அதை இடுப்பில் இறுகச் செருகிக்கொண்டு மாரக்காளுக்கு எதிரே முறைத்து நின்றவள், விடிந்ததும் தானாகவே கொண்டுவந்து நீட்டினாள். மாரக்காளின் அதட்டலுக்குப் பயந்து இல்லை. எல்லாம் பெருமாயிக்காக. "இஷ்டமில்லீன்னா வேண்டாஞ் சின்னம்மா, வெறுஞ் சொவுத்தையே பாத்துட்டுப் போகட்டும்" என்று அந்தப் பெண் சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். அதற்கு மேல் உண்ணாமலையால் பிடிவாதம் பிடிக்க முடியவில்லை. பெற்றவள் மாரக்காளாக இருக்கலாம். தலைவாரிப் பின்னி, காய்ச்சலுக்குக் கண்விழித்து வளர்த்தவள் உண்ணாமலைதான்.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. எடப்பாடியில் பருத்திக்காடும் கிணறும் உள்ள குடும்பம் தண்டாயுதபாணியுடையது. அவர் மனைவி மாரக்காள். ஒரே மகள் பெருமாயி. தண்டாயுதபாணியின் தம்பி அருணகிரி சிங்கப்பூரில் ஒரு சீனன் நடத்திய அச்சாபீசில் வேலைக்குப் போனவன். அவன் மனைவிதான் உண்ணாமலை. ஜப்பான்காரன் சிங்கப்பூரைப் பிடித்த நாளிலிருந்து அருணகிரியைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. யுத்தமும் முடிந்தது. கப்பல்கள் வர ஆரம்பித்தன. போனவர்களில் சிலர் எலும்பும் தோலுமாகத் திரும்பினார்கள். தண்டாயுதபாணி ஒவ்வொருவர் வீட்டுக்கும் நடந்து போய் விசாரித்தார். அருணகிரியைச் சயாமுக்கு ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போனார்கள், போனவர்களில் முக்கால்வாசிப் பேர் அங்கேயே மண்ணாகிவிட்டார்கள் என்பதுதான் எல்லோரும் சொன்ன பதில். தம்பிக்குக் காரியம் செய்துவிடலாம் என்று அவர் சொன்னார். செத்ததைப் பார்த்தவன் ஒருத்தன் வந்து சொல்லட்டும், அதுவரைக்கும் தாலியைத் தொட விடமாட்டேன் என்று உண்ணாமலை சொன்னாள்.

இது இவர்கள் வீட்டோடு நின்றிருந்தால் சரி. பெருமாயியின் கல்யாணத்தில் வந்து முட்டிக்கொண்டது. உயிரா சாவா என்று தெரியாத காரியம் ஒன்று வீட்டில் கிடக்கும்போது அந்த வீட்டில் பெண் எடுக்க யாரும் துணியவில்லை. வந்த இரண்டு இடமும் அதைச் சொல்லித்தான் கலைந்தது. இப்போது குமாரபாளையத்து நூல் வியாபாரி வெங்கடாசலம் தன் மகனுக்குப் பெண் கேட்டிருக்கிறார். அவர் சம்சாரம் வள்ளியாத்தாளும் தரகரிடம் அதையேதான் சொல்லி அனுப்பினாள். காரியத்தை முடித்துவிட்டீர்கள் என்றால் வருகிறோம், இல்லையென்றால் வேண்டாம். முடித்தாயிற்று என்று மாரக்காள் பதில் சொல்லி அனுப்பியது புருஷனுக்கும் தெரியாது, உண்ணாமலைக்கும் தெரியாது.

அவர்கள் இன்றைக்கு வருகிறார்கள்.

நூல் வியாபாரி வீட்டுச் சுவரெல்லாம் கண்ணாடி போட்ட படங்களாம். தரகர் சொன்னதைக் கேட்டதிலிருந்து மாரக்காளுக்குத் தன் வீட்டுச் சுண்ணாம்புச் சுவரைப் பார்த்தாலே அவமானமாக இருந்தது. அப்போதுதான் பெட்டிக்குள் கிடந்த சீனப் படங்கள் அவள் ஞாபகத்துக்கு வந்தன.

சண்டை வருவதற்குச் சற்று முன்னால், ஊருக்குக் கப்பலேறிய ஒருவரிடம் அருணகிரி கொடுத்தனுப்பிய படங்கள் அவை. பழைய காலத்துச் சீன ஓவியங்களைப் பார்த்து அச்சடித்தவை. நீளக் காகிதத்தைத் துணியில் ஒட்டி, மேலும் கீழும் மூங்கில் கோல் வைத்துப் பாய் மாதிரி சுருட்டியிருக்கும். ஆணியில் மாட்டி அவிழ்த்துவிட்டால் ஆள் உயரத்துக்குத் தொங்கும். நான் வந்துதான் மாட்டுவேன் என்று அருணகிரி சொல்லியனுப்பியிருந்தான். அதனால் நான்கு வருஷமாக அவை சுவரைப் பார்க்கவில்லை.

பெருமாயி முக்காலியைப் பிடித்துக்கொள்ள, உண்ணாமலை ஆணி அடித்தாள். முதல் படத்தில் மூங்கில் புதரும் இரண்டு குருவியும். அடுத்ததில் தண்ணீருக்குள் சிவப்பு மீன்கள். பிறகு இதழ் இதழாக ஒரு பெரிய பூ. பிறகு ஒற்றைக்காலில் கொக்கு. கடைசியில் மலை. மலையென்றால் அடியும் தெரியாது, நடுவும் தெரியாது. வெள்ளையாகப் புகை மாதிரி விட்டுவிட்டு உச்சியை மட்டும் காட்டியிருந்தது. கீழே ஒரு மரப்பாலத்தில் எறும்பளவு ஒரு மனிதன் மூட்டையோடு போய்க்கொண்டிருந்தான்.

மாரக்காள் இடுப்பில் கைவைத்துப் பார்த்துவிட்டு, பாதிக்கு மேல் ஒன்றும் வரையாமல் காகிதத்தை வீணடித்திருக்கிறான் என்று குறைப்பட்டுக்கொண்டாள். பெருமாயிக்குச் சிரிப்பு வந்தது. பாலத்து மனிதனைத் தொட்டுக் காட்டி, இவர் எந்த ஊருக்குச் சின்னம்மா போறாரு என்று கேட்டாள். உண்ணாமலை முக்காலியைவிட்டு இறங்கித் தள்ளி நின்று பார்த்தாள். அந்தச் சுவர் அழகாகத்தான் இருந்தது. அவள் மனதுக்குள் அதை ஒப்புக்கொண்டாள். அழகாக இருப்பதைப் பார்க்க அவன் இல்லையே என்று உடனே நினைத்துக்கொண்டாள்.

ஆறாவது சுருளை அவள் எடுக்கவில்லை.

ஆறாவது படம் அருணகிரியேதான். அச்சாபீசுக்குப் பக்கத்தில் கடை போட்டிருந்த ஒரு சீனக் கிழவன், போட்டோவைப் பார்த்து ஆட்களைக் கருப்பு மையில் அப்படியே எழுதித் தருவானாம். அதையும் மற்றப் படங்கள் மாதிரியே மூங்கில் கோல் வைத்துச் சுருட்டி அனுப்பியிருந்தான். அந்த ஊரில் அது பெருமையாக இருக்கலாம். நம் பக்கத்தில் வீட்டுச் சுவரில் சாமி தொங்கும், இல்லாவிட்டால் செத்துப்போனவர்கள் தொங்குவார்கள். உயிரோடு இருக்கிறவன் படத்தை ஆணியில் மாட்டினால் ஆயுசு குறையும் என்று சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். அதனால் அது வந்த நாளிலிருந்து பெட்டியின் அடியில் படுத்திருந்தது. மனசு தாங்காத நாளில் உண்ணாமலை அதை மடியில் வைத்துக் கழுத்து வரைக்கும் பிரித்துப் பார்ப்பாள். பார்த்துவிட்டுச் சுருட்டிவிடுவாள்.

படங்களை மாட்டி முடித்ததும் மாரக்காள் அவளைத் தனியாகக் கூப்பிட்டுக் குரலை இறக்கிப் பேசினாள். வருகிறவர்கள் ஒரு மாதிரியானவர்கள், உன்னைப் பார்த்தால் ஏதாவது கேட்பார்கள், நீயும் ஏதாவது சொல்வாய், பாவம் புள்ளை நடுவில் மாட்டிக்கொள்வாள், அதனால் அவர்கள் போகிறவரைக்கும் சமையல்கட்டைவிட்டு வராதே என்றாள். உண்ணாமலைக்குச் சுருக்கென்றது. இருந்தாலும் சரியென்று தலையாட்டிவிட்டுப் பணியாரக்கல்லை அடுப்பில் ஏற்றப் போனாள். மாரக்காளிடம் கொடுத்த சாவியைத் திருப்பி வாங்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை.

வெங்கடாசலத்தின் கார் வந்து நின்ற சத்தம் கேட்டது. டிரைவர் பழத்தட்டுகளை ஒவ்வொன்றாக உள்ளே கொண்டுவந்து வைத்தான். விசாரிப்பு, சிரிப்பு, பாய் விரிக்கிற ஓசை எல்லாம் சமையல்கட்டு வரைக்கும் வந்தன. சீனப் படங்களைப் பற்றித்தான் முதல் பேச்சு. மாரக்காள் சும்மா இருப்பாளா? சீன ராஜாவுக்குப் படம் எழுதுகிறவன் கையால் எழுதியது என்று அளந்துவிட்டாள். வெங்கடாசலம் எழுந்துபோய் மீன் படத்தின் ஓரத்தை நகத்தால் நெருடிப் பார்த்து, அச்சுப் படந்தான், ஆனால் நல்ல அச்சு என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். மாரக்காளின் சிரிப்பு அரைக்கணம் நின்று மறுபடி கேட்டது.

பணியாரத் தட்டை வாங்கிக்கொள்ள மாரக்காள் வரவில்லை. கதவிடுக்கு வரைக்கும் போய்க் கொடுத்துவிட்டு வரலாம் என்று உண்ணாமலை போனாள்.

அங்கேயிருந்து சுவர் முழுவதும் தெரிந்தது. மூங்கில், மீன், பூ, கொக்கு, மலை. மலைக்குப் பக்கத்தில் புதிதாக ஓர் ஆணி. அதில் அருணகிரி தலைமுதல் கால்வரை தொங்கிக்கொண்டிருந்தான். நெற்றியில் சந்தனம் வைத்துக் குங்குமம் இட்டிருந்தது. கழுத்தில் செவ்வரளி மாலை. கீழே முக்காலியில் விளக்கு எரிந்தது.

 அவள் தட்டோடு கதவோரத்திலேயே நின்றுவிட்டாள்.

வள்ளியாத்தாள் அந்தப் படத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். "இவருதானுங்களா?" என்று கேட்டாள்.

"ஆமாங்க. என்ற கொழுந்தனாரு" என்றாள் மாரக்காள்.

"காரியமெல்லாம் மொறையா முடிச்சுட்டீங்கல்ல?"

"முடிச்சாச்சுங்க. அவரு சம்சாரம் தாய் ஊட்டுக்குப் போயிட்டா."

கேட்டீர்களா? பச்சைப் பொய். அதைச் சொல்லும்போது மாரக்காளின் குரலில் ஒரு தடங்கலும் இல்லை. தண்டாயுதபாணிதான் தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். வந்தவர்களை வாசலில் போய் அழைத்துவிட்டு உள்ளே திரும்பியபோதுதான் அவரும் தம்பியைச் சுவரில் பார்த்தார். எடுத்தெறிந்திருக்கலாம். கை எழவில்லை. தம்பி செத்துவிட்டான் என்று மனதுக்குள் நம்பிவிட்ட மனிதர் அவர். மாலையும் விளக்குமாகப் பார்த்ததும் அவருக்குத் துக்கந்தான் வந்தது. கோபம் வரவில்லை.

பெருமாயி பட்டுப்புடவையில் நடுக்கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். கதவிடுக்கில் நின்ற சின்னம்மாவை அவள் பார்த்துவிட்டாள். முகம் வெளுத்துப் போயிற்று. வாயைத் திறக்கப் போனவளை உண்ணாமலை தலையை அசைத்துத் தடுத்தாள். ஏன் தடுத்தாள்? ஒரு சொல் சொன்னால் போதும், மாலை கீழே இறங்கிவிடும். ஆனால் மூன்றாவது இடமும் கலையும். இந்தப் பெண் இதற்கப்புறம் யார் கண்ணில் படுவாள்? உண்ணாமலை தட்டை அங்கேயே தரையில் வைத்துவிட்டுப் புறக்கடைக்குப் போய்விட்டாள். கிணற்று மேட்டில் உட்கார்ந்து முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள்.

"ஏனுங்கம்மிணி, காருக்கு ஒரு கொடம் தண்ணி வேணுங்க."

கார் டிரைவர். முப்பது வயதிருக்கும். கன்னம் ஒட்டி, ஒரு காலைச் சாய்த்து நடந்துவந்தான். பெயர் சுப்பையன் என்று அவனே சொன்னான். அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு கயிற்றை இழுத்தாள். நெற்றியில் பொட்டும் கழுத்தில் தாலியும் இருந்ததால் வேறு யாரோ சொந்தக்காரி என்று நினைத்திருப்பான். குடத்தை வாங்கிக்கொண்டு அவன் நகரவில்லை.

"தப்பா நெனைக்காதீங்க. உள்ளார மாட்டியிருக்கறது அருணகிரியண்ணன் படந்தானுங்களே?"

உண்ணாமலை கயிற்றை விட்டுவிட்டாள்.

"அவருக்கு எதுக்குங்க மால போட்டிருக்கறாங்க?"

அவனே சொல்லிக்கொண்டு போனான். மலாயாவில் லாரி ஓட்டியவன் அவன். அவனையும் சயாமுக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். அருணகிரியும் அவனும் ஒரே கொட்டகையில் கிடந்தார்கள். ஒரே கப்பலில் மதராசுக்கு வந்து இறங்கினார்கள். அது நடந்து இரண்டு மாதங்கூட ஆகவில்லை.

"நல்லாப் பாத்தீங்களா? அவருதானுங்களா?" என்றாள். குரல் அவளுடையது மாதிரி இல்லை.

"கப்பல்ல எந்நேரமும் என்ற தோளப் புடிச்சுட்டேதான் நடப்பாருங்க. எனக்குத் தெரியாதுங்களா? அவருக்குக் கண்ணு ரெண்டும் போயிருச்சுங்க. சோறில்லாம வந்த நோவு. அங்க நெறையப் பேருக்கு அப்படித்தான் போச்சு."

 உயிரோடிருக்கிறான் என்ற சந்தோஷமும் கண் போய்விட்டது என்ற இடியும் ஒரே மூச்சில் வந்தால் மனுஷி எதை முதலில் தாங்குவது?

"அப்பறம் ஏன் ஊட்டுக்கு வல்லீங்க?"

"நானுங் கேட்டனுங்க. ஊட்டுல இந்நேரம் எனக்குக் காரியம் பண்ணி முடிச்சிருப்பாங்க சுப்பையா, கண்ணில்லாதவன் போயி எதுக்கு அவுங்களக் கலைக்கோணும்னாரு. ரயில்ல எனக்கு முந்தியே எறங்கிட்டாருங்க."

எங்கே இறங்கினார் என்று கேட்க அவள் வாயெடுத்தாள். முன்பக்கமிருந்து வெங்கடாசலம் சுப்பையனைப் பெயர் சொல்லி உரக்கக் கூப்பிட்டார். அவன் குடத்தோடு ஓடிவிட்டான். முதலாளி இரண்டாவது முறை கூப்பிட்டால் வேலை போய்விடும் என்று பயந்த ஓட்டம் அது.

கூடத்தில் பேச்சு முடிந்து உறுதி வார்த்தைக்குத் தாம்பூலத் தட்டை நடுவில் வைத்திருந்தார்கள். தட்டு மாற்றுவதற்கு முன்னால் வள்ளியாத்தாள் குங்குமச் சிமிழோடு எழுந்தாள். பெருமாயிக்கு வைத்தாள். மாரக்காளுக்கு வைத்தாள். நிமிர்ந்தபோது எதிரே ஒரு பெண் நின்றாள். புறக்கடையிலிருந்து வந்த ஈரக் கால், அழுது வீங்கிய முகம்.

"எனக்கும் வெச்சு உடுங்க" என்றாள் உண்ணாமலை.

வள்ளியாத்தாளின் விரல் சிமிழில் இருந்தது. "நீ யாரு கண்ணு? இத்தன நேரம் எங்க இருந்தே?"

"அந்தப் படத்துல இருக்கறவரோட சம்சாரமுங்க."

 உண்ணாமலை மெதுவாக, ஒவ்வொன்றாகச் சொன்னாள். அவர் சாகவில்லை. காரியம் எதுவும் நடக்கவில்லை. உங்கள் டிரைவரோடுதான் ஒரே கப்பலில் வந்திருக்கிறார். கண் தெரியாமல் எங்கேயோ இருக்கிறார். சொல்லிக்கொண்டே போய்ப் படத்திலிருந்த மாலையைக் கழற்றி, விளக்கை ஊதி அணைத்தாள்.

மாரக்காள் பாய்ந்து வந்தாள். இவளுக்குப் புத்தி பேதலித்துவிட்டது, புருஷன் போன துக்கத்தில் இப்படித்தான் வாய்க்கு வந்ததைப் பேசுகிறாள் என்று வந்தவர்களிடம் கெஞ்சினாள். யாரும் அவளைப் பார்க்கவில்லை. எல்லோரும் உண்ணாமலையின் கழுத்திலிருந்த தாலியைத்தான் பார்த்தார்கள். வள்ளியாத்தாள் சிமிழை மூடினாள்.

"உசுரோட இருக்கறவனுக்கு மால போட்ட ஊடு. இங்க எங்களுக்குச் சம்பந்தம் வேண்டாங்க" என்று எழுந்துவிட்டார் வெங்கடாசலம். அவரைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? யாராக இருந்தாலும் எழுந்துதான் போவார்கள். பழத்தட்டுகள் வந்த வழியே திரும்பிப் போயின.

மாரக்காள் அப்படியே தரையில் உட்கார்ந்து தலையிலடித்துக்கொண்டாள். என் பிள்ளை வாழ்க்கையில் மண்ணள்ளிப் போட்டுவிட்டாயே பாவி, உன் புருஷன் உனக்குத் திரும்பிவர என் மகளைப் பலி கொடுத்தாயே என்று உண்ணாமலையைப் பார்த்துக் கதறினாள்.  பொய் சொன்னவள் மாரக்காள்தான். ஆனால் தெருவில் நிற்கப்போகிறவள் பெருமாயி. அதை நினைத்தபோது உண்ணாமலைக்கே தன்மேல் வெறுப்பாக இருந்தது.

தண்டாயுதபாணி ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "கண்ணு தெரியாதா அவனுக்கு?" அதையே இரண்டு தடவை கேட்டுவிட்டு, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கு ஓடினார்.

கார் புறப்படத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது. தம்பி எங்கே இறங்கினான் என்று அவர் டிரைவர் பக்கத்துக் கதவைப் பிடித்துக்கொண்டு கேட்டார். சுப்பையன் முதலாளியின் முகத்தைப் பார்த்தான். பின் சீட்டில் உட்கார்ந்திருந்த வெங்கடாசலம், வாயைப் பொத்திக்கொண்டு வண்டியை எடு என்றார். தெருவில் ஆட்கள் கூடிவிட்டார்கள். இந்தச் சந்தியில் நின்று பேச்சு வளர்க்க அவருக்கு விருப்பமில்லை. கார் நகர்ந்தது. தண்டாயுதபாணியின் கை கதவிலிருந்து நழுவியது. உண்ணாமலை வாசற்படியில் நின்று, தன் புருஷன் இறங்கிய இடம் தெரிந்த ஒரே மனிதன் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவளை இடித்துத் தள்ளிக்கொண்டு ஒருத்தி தெருவில் இறங்கினாள்.

பெருமாயி. பட்டுப்புடவையும் தலைநிறையப் பூவுமாக, பெண் பார்க்க வந்தவர்களின் காருக்கு முன்னால் நடுத்தெருவில் போய் நின்றுவிட்டாள். ஊரே பார்த்தது. இனி அவளை யார் பெண் கேட்டு வருவார்கள் என்று பார்த்தவர்கள் எல்லோரும் நினைத்திருப்பார்கள். அவளும் நினைத்திருப்பாள். வள்ளியாத்தாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சுப்பையன் பிரேக்கை அழுத்தினான்.

"வழி உடுங்கம்மிணி" என்றான்.

"எங்க சின்னய்யன் எந்த ஊருல எறங்குனாரு? சொல்லிப்போட்டுப் போங்க."

பின்னாலிருந்து முதலாளி ஏதோ அதட்டினார். சுப்பையன் அதைக் காதில் வாங்கவில்லை. அவன் பார்வை அந்தப் பெண்ணைத் தாண்டி வாசற்படியில் நின்றவளிடம் போயிற்று. கிணற்றடியில் தான் யாரிடம் பேசினோம் என்பது அவனுக்கு அப்போதுதான் விளங்கியது.

"சங்ககிரி டேசன்லீங்க" என்றான். "நாந்தான் கையப் புடிச்சு எறக்கி உட்டேன். எடப்பாடி எந்தப் பக்கம் சுப்பையான்னு கேட்டாரு. தோளப் புடிச்சு இந்தப் பக்கமாத் திருப்பி நிறுத்துனேன். ரயிலு நவுர்ற வரைக்கும் அப்படியே நின்னுட்டு இருந்தாருங்க."